பெருவிரல் ரேகையிலிருந்து தரவுச் சட்டம் வரை

எங்கள் பள்ளி மதுரைக்கு மேற்கே இருக்கிறது. அங்கே குற்றப் பரம்பரைச் சட்டத்தை நடத்தும்போது பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது. "ரேகைச் சட்டம்" என்று சொன்னால் பாதி வகுப்புக்கு வீட்டில் கேட்ட கதை ஒன்று நினைவுக்கு வரும். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் பெருங்காமநல்லூரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1920 ஏப்ரல் 3 அன்று கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவ்வளவு சொல்லி முடித்ததும் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, அவங்க ரேகை வைக்க மாட்டோம்னு உயிரையே விட்டாங்க. எங்க பாட்டி மாசா மாசம் ரேஷன் கடையில ரேகை வைக்குது. விழலேன்னா திருப்பித் திருப்பி வைக்கச் சொல்றாங்க. அன்னைக்கு வச்சதுக்கும் இன்னைக்கு வைக்கிறதுக்கும் என்னங்க ஐயா வித்தியாசம்?"

"அன்று அடக்குவதற்காக வாங்கினார்கள், இன்று அரிசி கொடுப்பதற்காக வாங்குகிறார்கள்" என்று ஒரு பதில் சொன்னேன். தவறான பதில் அல்ல. ஆனால் மணி அடித்த பிறகும் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. வரலாற்று ஆசிரியராக இருந்துகொண்டு கைரேகையின் வரலாறே எனக்குச் சரியாகத் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் தினமும் எமிஸில் முந்நூறு பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு, இரத்த வகை வரை கையாள்கிற ஓர் ஆசிரியருக்கு இந்தக் கேள்வி வெளியாள் விவகாரம் அல்ல.

அடையாளத்துக்காக ரேகை வாங்கும் வழக்கத்தை அரசு வேலைக்குள் கொண்டுவந்தது வங்காளத்தில் நடந்த ஒரு சின்ன ஒப்பந்தம். 1858இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். சாலைக்குச் சரளை கொடுக்க ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரருடன் ஒப்பந்தம் போட்டார். கையெழுத்து மட்டும் வாங்காமல், கோனாயின் உள்ளங்கை முழுவதிலும் மை தடவிப் பத்திரத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். பின்னாளில் "இது என் கையெழுத்து இல்லை" என்று அவர் சொல்லத் துணியக் கூடாது, அந்தப் பயம் இருக்கட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அறிவியல் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவநம்பிக்கை. 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைக் கைதிகள் என்று மூன்று வகையினரிடமும் அவர் ரேகை வாங்கத் தொடங்கினார். ஓய்வூதியம் வாங்க வருகிறவரையும் சிறைக்குப் போகிறவரையும் ஒரே மைப்பலகை முன் நிறுத்திய ஏற்பாடு அது.

இதை முறையான அறிவாக்கியதில் நம்மவர்களின் பங்கு பெரிது. எட்வர்டு ஹென்றி வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்தபோது, லட்சக்கணக்கான ரேகைச் சீட்டுகளில் ஒன்றைச் சில நிமிடங்களில் தேடி எடுக்கும் வகைப்பாட்டை வகுத்ததில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்களின் உழைப்பு இருந்தது. அதில் கணிதம் ஹக்கினுடையது. முறைக்கு நிலைத்த பெயர் என்னவோ ஹென்றியுடையது. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் அது 1901இல்தான் வந்தது. அதாவது, இங்கே சோதித்துப் பார்த்துவிட்டு அங்கே கொண்டுபோனார்கள். சொந்த நாட்டு மக்களிடம் செய்யத் தயங்கியதைக் குடியேற்ற நாட்டில் செய்து பழகிக்கொள்ள முடிந்தது. இங்கே கேள்வி கேட்கும் பாராளுமன்றமும் இல்லை, வாக்கு கேட்க வேண்டிய வாக்காளரும் இல்லை.

1857க்குப் பிறகு ஆங்கிலேய அரசுக்கு இந்த மக்களை எண்ணி, பிரித்து, பெயரிட்டு வைக்காமல் தூக்கம் வராது என்ற நிலை. 1871–72இல் நாடு தழுவிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதே 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமும் வந்தது. 1901 கணக்கெடுப்பில் ரிஸ்லி என்ற அதிகாரி சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்தவும் முனைந்தார். சாதியை ஆங்கிலேயர் உண்டாக்கவில்லை. அந்தப் பழியை அவர்கள் மீது போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. ஆனால் ஊருக்கு ஊர் வேறுபட்ட ஒன்றை அச்சிட்ட படிவத்தின் கட்டத்துக்குள் அடைத்து, அதைக் கொண்டே ஒருவரை நடத்தும் அலுவலக வழக்கம் அந்தக் காலத்தில்தான் இறுகியது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் வேலை முறையை வகுப்பில் சொல்லும்போது, அது ஒரு தரவுச் சட்டம் என்றே நான் இப்போது சொல்கிறேன். ஒரு சமூகம் முழுவதையும் அறிவிக்கையில் சேர்ப்பது முதல் படி. அதிலுள்ளோரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது, ரேகை எடுப்பது, எங்கே உறங்குகிறார் என்று இரவில் பார்ப்பது, வேற்றூர் போக அனுமதிச் சீட்டு கேட்பது எல்லாம் அடுத்தடுத்த படிகள். எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். அறிவிக்கை சரிதானா என்று நீதிமன்றத்தில் கேட்கவும் வழியில்லை. ஆறு வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் அனுமதித்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் பணியாற்றிய, பணியாற்றுகிற ஆசிரியர்களுக்கு இந்த வரலாற்றின் தடம் தங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே தெரிந்திருக்கும். அந்தப் பள்ளிகள் பிற்காலத்தில் எத்தனையோ குடும்பங்களைப் படிக்கவைத்து முன்னேற்றின, அது உண்மை. அவை தொடங்கிய நோக்கத்தில் கண்காணிப்பும் கலந்திருந்தது, அதுவும் உண்மை.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஆனால் பதிவேடு நீங்கியதா? 1948இலேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சிறைக் கையேடுகளில் பழைய சொற்கள் அப்படியே இருந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கட்டத்தை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் விதிகளையும் அது கண்டித்தது. சட்டம் போன பிறகு ஒரு கட்டம் எழுபது ஆண்டுக்கு மேல் பிழைத்திருந்திருக்கிறது. படிவத்தை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் பழைய படிவத்தைப் பார்த்துத்தான் புதியதை அடிக்கிறார்கள் என்பது அலுவலக வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

ரேகையின் கதை இது. தந்தியின் கதை இன்னொன்று. எனக்கு அதுதான் கூடுதல் வியப்பு தந்தது.

1857 எழுச்சியை அடக்க ஆங்கிலேயருக்குக் கைகொடுத்தவற்றில் தந்தியும் ஒன்று. செய்தி யார் கையில் இருக்கிறதோ ஆட்சி அவர் கையில் என்ற பாடத்தை அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். 1885இன் இந்தியத் தந்திச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. தந்தி அமைக்கும் தனியுரிமை அரசுக்கே என்றது. மற்றவர்கள் அரசிடம் உரிமம் பெற்றுத்தான் நடத்த முடியும். அதன் 5ஆவது பிரிவு, பொது நெருக்கடி நேரும்போதோ பொதுப் பாதுகாப்பின் பொருட்டோ செய்திகளை இடைமறிக்கவும் நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. நீதிபதியிடம் அனுமதி பெற வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை.

நாடு விடுதலை பெற்றது. தொலைபேசி பெருகியது, கைபேசி வந்தது, இணையம் வந்தது. எல்லாவற்றையும் இந்தச் சட்டத்தின் "தந்தி" என்ற சொல்லே தாங்கியது. 1990களில் அரசியல்வாதிகளின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரத்தில் மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் தொலைபேசி உரையாடல் அந்தரங்கத்தின் ஒரு பகுதி என்று கூறி, ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையில்தான் ஆணையிட வேண்டும், மறுஆய்வுக் குழு வேண்டும் என்று கட்டுப்பாடுகள் விதித்தது. ஆனால் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று சொல்லவில்லை. ஆணையிடுவதும் நிருவாகம், சரிபார்ப்பதும் நிருவாகம். நம் தேர்வுத்தாளை நாமே திருத்திக்கொள்வதைப் போலத்தான்.

2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது அதன் 69ஆவது பிரிவில் கணினித் தகவலுக்கும் இதே சாயலில் ஓர் அதிகாரம் எழுதப்பட்டது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே நின்றுபோனது. சட்டம் மட்டும் நிற்கவில்லை. 2017இல் இணையத்தை நிறுத்திவைப்பதற்கான விதிகள் வந்தன. அவை பிறந்ததும் இந்த 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான்! அதற்கு முன்பெல்லாம் இணையத்தை நிறுத்தப் பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவைத்தான் பயன்படுத்தினார்கள். கூட்டம் கூடாமலிருக்க ஆங்கிலேயர் காலத்திலிருந்து கையாளப்பட்ட "நூற்று நாற்பத்து நான்கு" நம் பாட்டன்மாருக்கும் தெரிந்த எண். அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணையத்தைக் காலவரையறையின்றி நிறுத்த முடியாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்றது. பிறகு 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. 138 ஆண்டுப் பழைய சட்டத்துக்கு விடைகொடுக்க வந்தது அது. அதன் 20ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள்: "பொது நெருக்கடி நேரும்போது அல்லது பொதுப் பாதுகாப்பின் பொருட்டு" என்ற அதே தொடரும், இடைமறிக்கும் அதே அதிகாரமும் இருக்கும். இங்கும் நீதிபதிக்கு இடமில்லை.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. ஆங்கிலேயர் விட்டுப்போனார்கள் என்பதாலேயே ஒரு சட்டம் கெட்டதாகிவிடாது. நாம் தினமும் நம்பியிருக்கும் ஒப்பந்தச் சட்டம் 1872ஐச் சேர்ந்தது. குறை ஆண்டில் இல்லை. ஒரு சட்டம் எந்த உறவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதே கேள்வி. குடிமக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அரசு தனக்கு எழுதிக்கொண்ட அதிகாரங்களை, குடிமக்களே தேர்ந்தெடுத்த அரசு சொல் மாறாமல் வைத்துக்கொள்ளலாமா? சில நேரம் புதுப்பித்த சட்டம் பழையதை விட அகலமாகவும் இருக்கிறது. 1920இன் கைதிகள் அடையாளச் சட்டம் ரேகை, காலடித் தடம், நிழற்படம் போன்றவற்றோடு நின்றது. அதன் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம் கண்ணின் கருவிழி, உயிரியல் மாதிரிகள் வரை விரிந்தது; அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் வகைசெய்தது.

அந்தரங்கம் ஓர் உரிமை என்று ஏற்பதற்கே விடுதலைக்குப் பின் எழுபது ஆண்டுகள் பிடித்தன. இங்கே கரக் சிங் வழக்கைச் சொல்ல வேண்டும். கொள்ளை வழக்கொன்றில் சான்று இல்லாமல் விடுவிக்கப்பட்டவர் கரக் சிங். ஆனாலும் உத்தரப் பிரதேசக் காவல்துறை அவர் பெயரில் கண்காணிப்பு ஏடு ஒன்றைத் திறந்துவைத்து, நடுஇரவில் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. குற்றப் பரம்பரைக் காலத்து இரவுச் சோதனையின் நகல்தான். 1962இல் உச்ச நீதிமன்றம் இரவில் வீடு தேடிச் செல்வதை மட்டும் தடுத்தது. அந்தரங்க உரிமை என்று அரசமைப்பில் ஒன்று இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும், நீதிபதி ஷாவுடன் சேர்ந்து, அது தனிமனிதச் சுதந்திரத்தின் உள்ளடக்கமே என்று மாறுபட்டு எழுதினார். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தபோது, அரசுத் தரப்பு எடுத்துக்காட்டியது இந்தப் பழைய தீர்ப்பைத்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 55 ஆண்டுகளுக்கு முன் சுப்பா ராவ் எழுதிய மாற்றுக் கருத்தே கடைசியில் சட்டமாயிற்று.

அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் நமக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வரி இருக்கிறது. பள்ளிச் சேர்க்கை மானியமோ சலுகையோ அல்ல. ஆகவே அதற்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது. ஆதார் இல்லை என்பதற்காகக் கல்வி மறுக்கப்படக் கூடாது. ஜூன் மாதச் சேர்க்கை நேரத்தில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். "அப்புறமா எடுத்துட்டு வாம்மா" என்று அன்போடு திருப்பி அனுப்பினாலும், கூலி வேலைக்குப் போகும் அந்தத் தாய் மறுபடி ஒருநாள் விடுப்பெடுத்து வரப் பத்து நாளாகலாம். பிள்ளைக்குப் பத்து நாள் பள்ளி இல்லை.

இப்போது 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். இது இரண்டு வீட்டுப் பிள்ளை. ஒரு பக்கம் ஐரோப்பாவிலிருந்து எடுத்த கருத்துகள்: முன்கூட்டியே தெரிவித்தல், இசைவு பெறுதல், சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துதல், திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமை. மீறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம். இன்னொரு பக்கம் தந்திச் சட்டத்தின் சாயல். இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசின் எந்த அமைப்புக்கும் இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க 17ஆவது பிரிவு மத்திய அரசுக்கு இடம் தருகிறது. மானியம், சலுகை, சான்றிதழ் வழங்கும் பணிகளுக்குச் சில நிபந்தனைகளுடன் தனி இசைவு தேவையில்லை என்கிறது 7ஆவது பிரிவு. புகாரை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. தனியார் செயலியிடமிருந்து குடிமகனைக் காக்கும் கை வலுவாகவும், அரசிடமிருந்து காக்கும் கை தளர்வாகவும் இருக்கிறது என்று சட்ட அறிஞர்கள் பலர் குறைப்பட்டதற்கு இதுவே காரணம். தேசப் பாதுகாப்புக்கு விலக்குகள் தேவைதான் என்பது அரசுத் தரப்பு. தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. விலக்கை யார், எந்த அளவுகோலால் சரிபார்ப்பது என்பதுதான் வழக்கு. 1996இல் விடை சொல்லாமல் விட்ட அதே கேள்வி.

இந்தச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முழுக் கடமைகளும் பதினெட்டு மாதங்களில் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தேவையான அளவுக்குக் கல்வி நிறுவனங்களுக்கு அவ்விதிகள் சில தளர்வுகள் தருகின்றன. "தேவையான அளவுக்கு" என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் இசைவு என்று தாளில் எழுதுவது எளிது. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள்; பெற்றோர் திருப்பூரிலோ கேரளத்திலோ இருப்பார்கள். இசைவுப் படிவத்தை நாமே நிரப்பி, "இங்க ஒரு ரேகை வைங்கம்மா" என்று மைப்பெட்டியை நகர்த்துகிறோம். அந்தப் பாட்டி எதற்கு இசைந்தார் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, பல நேரம் நமக்கும் தெரியாது. ஹெர்ஷலின் மேசையில் கோனாய் கை வைத்தது நினைவுக்கு வராமல் போகாது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகைப் பணி அவசரத்தில், வங்கிக் கணக்கில் பிழை இருந்த மாணவர் பட்டியலை அப்படியே படம் எடுத்து வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெயர், சாதிப் பிரிவு, ஆதார் எண், கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். மறுநாள் ஒரு மாணவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவனுடைய அம்மா கைபேசியில் கூப்பிட்டு, "சார், நாங்க என்ன ஆளுன்னு இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. வாடகைக்கு இருக்கோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். படத்தை அழித்தேன், நாற்பது கைபேசிகளில் அது ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது. நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பழைய வருகைப்பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பிரிவைச் சிவப்பு மையில் குறித்துப் பழகிய கை அது. 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதியரசர் கே. சந்துரு குழு, வருகைப்பதிவேட்டில் சாதி பற்றிய எதுவும் இடம்பெறக் கூடாது என்று பரிந்துரைத்ததைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் குரல்தான் கேட்டது.

சாதி விவரம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அது வேண்டும். ஆங்கிலேயரின் அதே கணக்கெடுப்பு அட்டவணைகளைக் கொண்டுதான், வேலையும் கல்வியும் யாருக்குக் கிடைக்கவில்லை என்று சென்னை மாகாணத்தில் எடுத்துக்காட்டி உரிமை கேட்டார்கள். எண்ணிக்கை அடக்கவும் உதவும், உரிமை கேட்கவும் உதவும். அது யாரிடம் இருக்கிறது, யார் பார்வைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. உதவித்தொகைக் கோப்பில் இருக்க வேண்டியது சுவரொட்டியாகக் கூடாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தோம். குழுவில் பட்டியல் போடுவதில்லை. சம்பந்தப்பட்ட பெற்றோருக்கு மட்டும் தனியாகச் சொல்கிறோம், நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது. எமிஸ் கடவுச்சொல்லை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்ததை எடுத்துவிட்டோம். ஆதார் நகலைக் கொண்டுவரச் சொன்னால் எண்ணைச் சரிபார்த்துவிட்டு நகலைத் திருப்பித் தருகிறோம். பழைய நகல்களைக் கடைக்காரரிடம் எடைக்குப் போடாமல் கிழித்துவிடுகிறோம். சென்ற ஆண்டு வரை அவற்றில் வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தாலே கூசுகிறது. ஏதோ ஓர் இலவசச் செயலி புதிதாக வந்து, பிள்ளைகளின் பெயரையும் கைபேசி எண்ணையும் கேட்டால், துறையின் ஆணை இருக்கிறதா என்று தலைமையாசிரியர் முதலில் கேட்கிறார்.

அந்த மாணவிக்கு நான் கடன்பட்டிருந்த பதிலை இரண்டு வாரம் கழித்து ஒரு செயல்பாடாகக் கொடுத்தேன். வெற்றுச் சேர்க்கைப் படிவத்தை நகலெடுத்துக் குழுவுக்கு ஒன்றாகத் தந்தேன். 1911 சட்டத்தின் பதிவேட்டில் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்பதைக் கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு கேள்விகள்: யார் கேட்கிறார்கள், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தப்பாக இருந்தால் யாரிடம் சொல்லித் திருத்துவது?

பழைய பதிவேட்டுக்கு "எதற்கு" என்ற இடத்தில் ஒரு குழு "சந்தேகத்துக்கு" என்று எழுதியது. கடைசிக் கேள்விக்கு எல்லாக் குழுவும் "யாரிடமும் சொல்ல முடியாது" என்று எழுதின. இன்றைய படிவத்துக்கு முதல் இரண்டு கேள்விகளுக்கும் நன்றாகவே எழுதினார்கள். இரத்த வகை விபத்துக்கு, பிறந்த தேதி வயதுக்கு, சாதி உதவித்தொகைக்கு. மூன்றாவது கேள்விக்கு வகுப்பே என்னைப் பார்த்தது. நான் தலைமையாசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான்காவதுக்கு, கேள்வி கேட்ட அந்த மாணவி என் பெயரை எழுதியிருந்தாள்.

"என்னம்மா, என்னை எழுதியிருக்கே?"

"நீங்கதான ஐயா ஏத்துறீங்க? தப்பா இருந்தா வேற யார்கிட்ட போயி சொல்றது?" என்றாள். அவள் பிறந்த தேதி எமிஸில் ஒரு மாதம் தள்ளி இருக்கிறதாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான் இருக்கிறதாம். பிறப்புச் சான்றிதழைப் பையிலேயே வைத்திருந்தாள். அன்று மாலையே திருத்தக் கோரிக்கை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன்.